கெட்டிமேளத்திலும் ஒத்து ஓய்வதில்லை

பங்குனி மாதப் புனர்பூசத்தன்று, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம். திருவையாற்றிலிருந்து நந்தி மாப்பிள்ளையாகப் புறப்பட்டு வருவார். மணப்பெண் சுயசாம்பிகை. "நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்" என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதனால் அரியலூர், பெரம்பலூர், தஞ்சாவூர்ப் பக்கமிருந்தெல்லாம் வரன் தேடும் பெற்றோர் அன்று அங்கே வந்து நிற்பார்கள்.

நானும் ஓராண்டு நின்றேன். நெரிசலில் என் கண்ணுக்குச் சடங்கு அதிகம் தெரியவில்லை. காதுக்கு மேளம் தெரிந்தது. நாதசுரக்காரர் ஒரு ராகத்தை அவசரமில்லாமல் விரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுரத்திலும் நின்று, தொட்டு, அசைத்து, அடுத்ததற்குப் போனார். பின்னால் ஒத்து சீராக இழைந்தது. திடீரென்று முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" அந்தக் கணமே ராகம் பாதியில் அறுந்தது. இரண்டு நாதசுரங்களும் மேல் ஸ்தாயிக்குத் தாவி ஆளுக்கொரு பக்கம் ஓடின. தவில்கள் தாளக் கணக்கை உதறிவிட்டுப் பொழிந்தன. மணி, சங்கு, கூட்டத்தின் கூச்சல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஒரு நிமிடத்துக்கு முன்பு மயிரிழை பார்த்து வாசித்த அதே கைகள், அதே மூச்சு. இப்போது ஒரு சுரம் இன்னொரு சுரத்தோடு சேர்ந்ததா என்று யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தின் விதி. தாலி ஏறும்போது ஒரு தும்மலோ அழுகையோ வேண்டாத சொல்லோ காதில் விழக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட சத்தம் அது.

ஒரு வாத்தியக் குழு தெரிந்தே சுருதி விலகி வாசிக்கலாமா என்ற கேள்விக்குச் சங்கீதம் படித்தவர்களிடம் உடனே பதில் கிடைக்கும்: கூடவே கூடாது. சுருதி மாதா, லயம் பிதா; பெற்றவளை யாராவது வேண்டுமென்றே கைவிடுவார்களா? ஆனால் நம் வீட்டு மங்கல காரியங்களின் உச்சக் கணத்தில் அதைத்தான் செய்யச் சொல்கிறோம். செய்தவுடன் அட்சதை தூவுகிறோம். ஆகவே அந்த உடனடிப் பதிலில் எனக்குத் திருப்தியில்லை. அதைப் போலவே இன்று சிலர் சொல்லும் எதிர்ப் பதிலிலும் திருப்தியில்லை: சுருதி என்பதே மேட்டுக்குடிக் கட்டுப்பாடு, கிராமத்து வாத்தியம் எப்படி வாசித்தாலும் அழகு என்பது அது. இரண்டையும் எங்கள் மண்ணின் வாத்தியங்களை வைத்தே எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

சுருதிக்காகப் பட்ட பாடு

முதலில், கைவிடுகிற பொருளின் விலை தெரிய வேண்டும். நாதசுரத்தில் சுருதி சும்மா வருவதில்லை. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த குழல். விரல் வைக்க ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே, விரலே படாத துளைகள் ஐந்து. அந்த ஐந்தில் மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைச் சரிபார்ப்பார்கள். வாயில் வைக்கும் சீவாளி நாணலில் செய்தது. ஈரம் பட்டால் ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி, அழுத்தி ஊதினால் இன்னொரு மாதிரி ஒலிக்கும். நாதசுரத்தின் கழுத்தில் கொத்தாகச் சில சீவாளிகளும் ஓர் ஊசியும் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரத்துக்காகத் தொங்குவதாகத்தான் சிறுவயதில் நினைத்திருந்தேன். அவை கருவிப் பெட்டி. இரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒருவர் சீவாளிக்கு மற்றவர் சீவாளி ஒத்துப்போகும்வரை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். கச்சேரியின் முதல் பத்து நிமிட உழைப்பு இதில் போய்விடும்.

வாத்தியத்தின் வரலாறே இந்த உழைப்பின் வரலாறுதான். முன்பு வழக்கில் இருந்த திமிரி நாதசுரம் குட்டையானது, கீச்சென்று உயர்ந்த சுருதியில் நிற்பது. அதில் சுத்த மத்திமம் தன் இடத்தில் சரியாக விழாது. வித்துவான் உதட்டாலும் மூச்சாலும் அதை இழுத்து இறக்கி வைக்க வேண்டும். டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் நீண்ட, சுருதி தாழ்ந்த பாரி நாதசுரம் மேடைக்கு வந்தது. 1955-இல் நரசிங்கம்பேட்டை என். ஜி. என். ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் சுத்தமாகவே பேசும் பாரி நாதசுரத்தைச் செய்துகொடுத்தார். அந்த ஊர் நாதசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே ஒரு சுரம் தன் இடத்தில் உட்கார இத்தனை தலைமுறைக் கை உழைத்திருக்கிறது. சுருதியைத் தெரிந்தே விலக நினைக்கும் எந்தக் குழுவும் இந்த உழைப்புக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

இந்த உழைப்புக்கு அடியில் இன்னொருவர் இருக்கிறார். ஒத்துக்காரர். விரல் துளை இல்லாத நீண்ட குழலில், மூச்சு அறாமல், ஒரே சுரத்தை மணிக்கணக்கில் ஊதுபவர். இன்று பெரும்பாலான மேளங்களில் அவர் இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி உட்கார்ந்துவிட்டது. நம் பேச்சுமொழி அவருக்கு நியாயம் செய்யவில்லை. "ஒத்து ஊதுகிறான்" என்றால் சொந்தப் புத்தி இல்லாமல் ஆமாம் போடுகிறான் என்று பொருள். "ஜால்ரா" என்பதும் அப்படியே. சுருதியைக் காப்பவனும் தாளத்தைக் காப்பவனும் நம் வசைச்சொற்களாகிவிட்டார்கள். ஆனால் மேளத்தில் மற்ற அனைவரும் துணிச்சலாக எங்கும் போய்வர முடிவது அந்த ஒருவர் இடம் பெயராமல் இருப்பதால்தான். இந்தக் கட்டுரையின் முடிவுக்கு அவர் மீண்டும் வருவார்.

பழைய பகைகள்

தமிழில் இந்த ஆராய்ச்சி புதிதில்லை. யாழ் நரம்புகளுக்குள் இருக்கும் உறவை முன்னோர் இணை, கிளை, நட்பு, பகை என்று நான்காகப் பிரித்தார்கள். சுரங்களின் உறவுக்குக் குடும்பத்தின் சொற்களையும் ஊரின் சொற்களையுமே எடுத்திருக்கிறார்கள். யாழ் வாசிப்பில் வரும் குற்றங்களையும் சிலப்பதிகாரம் பெயரிட்டுச் சொல்கிறது: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. பண்ணோடு சேராத ஓசை செம்பகை. அளவு மீறி ஒலிப்பது ஆர்ப்பு. மழுங்கி அமுங்குவது கூடம். நரம்பைச் சிதற உந்துவதால் வருவது அதிர்வு. சீவகசிந்தாமணியில் சீவகன், இசைப்போட்டிக்குக் கொடுத்த யாழ்களை ஒன்றொன்றாக எடுத்து, இது நீரில் ஊறிய மரம், இது இடி விழுந்த மரம் என்று ஒதுக்குகிறான்; நரம்புக்குள் ஒளிந்த மயிரைக்கூட எடுத்துக் காட்டுகிறான்.

இந்த இரண்டு நூல்களையும் அச்சில் கொண்டுவந்தவர் உ.வே.சாமிநாதையர், சிந்தாமணி 1887-இல், சிலப்பதிகாரம் 1892-இல். அவர் பிள்ளைப்பருவத்தில் நடந்து திரிந்த மண் அரியலூரும் குன்னமும். அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ் படித்தார். தந்தை வேங்கடசுப்பையரோ உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர்; இந்த ஊர்களில் இராமாயணப் பிரசங்கம் செய்துதான் குடும்பத்தைக் காத்தார். அந்தக் குடும்பத்தைத் தாங்கியது பெரிய நகரத்துச் சபை ஒன்றும் இல்லை. புன்செய் வேளாண்மை செய்த கிராமத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது பழைய குற்றப் பட்டியலைக் கெட்டிமேளத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். அளவு மீறிய ஒலி: ஆர்ப்பு. சிதற அடிப்பது: அதிர்வு. பண்ணைக் கைவிடுவது: செம்பகை. நான்கில் மூன்று குற்றம் ஒரு நிமிடத்துக்குள். ஆனால் "ஆர்ப்பு" என்ற அதே சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. போரில் வென்றவர் எழுப்பும் ஒலியும் விழாக்கூட்டம் எழுப்பும் ஒலியும் ஆர்ப்புதான். ஆர்ப்பரிப்பு என்று இன்றும் சொல்கிறோம். யாழ் அரங்கில் குற்றமாக நின்ற சொல் தெருவில் மகிழ்ச்சியாக நிற்கிறது. இடம் மாறும்போது பொருள் மாறும் என்பதை நம் மொழியே தெரிந்து வைத்திருக்கிறது.

விலகல்கள் எல்லாம் ஒன்றல்ல

சுருதி விலகலைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் குழம்புவதற்குக் காரணம், வெவ்வேறு காரியங்களை ஒரே பெயரில் அழைப்பதுதான். குறைந்தது நான்கைப் பிரிக்க வேண்டும்.

முதலாவது, விலகல்போலத் தோன்றி விலகல் ஆகாதது. கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேலும் கீழும் அசைந்து, அந்த அசைவாலேயே அடையாளம் பெறுகிறது. ஆர்மோனியக் கட்டையின் மேல் வைத்துப் பார்த்தால் தோடியின் காந்தாரம் முழுக்கப் பிசகு என்றுதான் தோன்றும். விவாதி ராகங்களும் இப்படியே. 72 மேளகர்த்தாக்களில் 40 விவாதி மேளங்கள். பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் முட்டிக்கொள்வதால் தோஷம் என்று சொல்லி ஒதுக்கினவர்களும் உண்டு. ஆனால் தியாகராஜரின் பஞ்சரத்தினங்கள் அமைந்த ஐந்து கன ராகங்களில் நாட்டையும் வராளியும் விவாதிச் சேர்க்கை உடையவை. நாட்டையில்தான் தொடங்கவே செய்கிறோம். இவற்றில் முரண் இருக்கிறது, பிசகு இல்லை. சுருதி விலகலுக்கு ஆதரவாக இவற்றைச் சாட்சிக்கு அழைப்பது வழக்கைத் தப்பாக நடத்துவதாகும்.

இரண்டாவது, இரண்டு ஒலிகளுக்கிடையே நூலளவு வித்தியாசத்தை வேண்டுமென்றே வைப்பது. ஒன்று வினாடிக்கு 440 முறையும் மற்றது 446 முறையும் அதிர்ந்தால், சேர்ந்த ஒலி வினாடிக்கு ஆறு தடவை ஓங்கித் தாழும். பாலித் தீவின் கெமலான் குழுக்களில் இதுவே இலக்கணம். வெண்கலக் கருவிகளை இணை இணையாகச் செய்து, ஒன்றைச் சற்றுத் தாழ்த்தியும் மற்றதைச் சற்று உயர்த்தியும் வார்க்கிறார்கள். தாழ்ந்தது பெங்கும்பாங், உயர்ந்தது பெங்கிசெப். இரண்டும் சேர்ந்து எழுப்பும் நடுக்கத்துக்கு ஓம்பாக், அதாவது அலை, என்று பெயர். அந்த அலை இல்லாவிட்டால் கருவிக்கு உயிர் இல்லை என்பார்கள். பிரெஞ்சு நாட்டு அக்கார்டியனிலும் இதே உத்தி உண்டு. நம் தெருவில் இரண்டு நாதசுரங்கள் எவ்வளவுதான் சீவாளி சேர்த்தாலும் மயிரிழை விலகி நிற்கும். திறந்த வெளியில், ஐந்நூறு பேர் நடுவில், அந்த மயிரிழையே ஒலியைப் பருமனாக்கித் தெருமுனைவரை கொண்டுபோகிறது. அறைக்குள் உறுத்துவது வெளியில் உதவுகிறது. இந்த வகையின் பலம் இது. பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது. பாலியில் அந்த வித்தியாசம் அளந்து வைத்தது; குழுவில் இருக்கும் எல்லா இணைக்கும் ஒரே அலை. அளக்காமல் வந்த வித்தியாசத்துக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது.

மூன்றாவது, பேசுவதற்காக விலகுவது. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தைக் கேளுங்கள். நாதசுரம், தவில், பம்பை, தமுக்கு சேர்ந்த மேளம். கோமாளி ஒரு கேள்வி கேட்பான். நாதசுரம் அதே கேள்வியை அவன் குரலிலேயே திருப்பிக் கேட்கும். மாமியார் முணுமுணுப்பது, குழந்தை சிணுங்குவது, குடித்தவன் தடுமாறுவது எல்லாம் குழலில் வரும். மனிதப் பேச்சு ஏழு சுரத்துக்குள் நடப்பதில்லை. ஆகவே பேச்சைப் பிடிக்க வேண்டுமானால் சுரத்தை விட்டு வழுக்கத்தான் வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழாவில் கண்ட ஒரு வித்துவான், குடிகாரன் பாட்டை வாசித்தார். ஒவ்வொரு சுரமும் தன் இடத்துக்குக் கால்விரல் அளவு முன்னாலோ பின்னாலோ விழுந்தது. கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது, அதே மெட்டை அப்பழுக்கில்லாமல் ஒருமுறை வாசித்தார். சிரிப்பு நின்றது. அந்த இரண்டாம் வாசிப்புதான் முதல் வாசிப்பை வித்தை ஆக்கியது.

ஐரோப்பாவில் மொட்சார்ட் 1787-இல் இதே காரியத்தைச் செய்தார். கத்துக்குட்டி இசையமைப்பாளர்களைக் கேலிசெய்ய எழுதிய ஒரு படைப்பின் கடைசி வரியில் ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு சுருதியில் கொண்டுபோய் மோதவிட்டார். அதில் யாரும் மொட்சார்ட்டின் காதைச் சந்தேகிக்கவில்லை.

நான்காவது, சுருதிக் கணக்குக்கே வராத ஒலிகள். சங்கு ஒரே சுரம்தான் ஊதும். அது நாதசுரத்தின் சட்ஜத்தோடு சேர வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. சேமக்கலம் அப்படியே. உறுமியின் ஒரு முகத்தைக் கோலால் தேய்க்கும்போது எழும் முனகலுக்குச் சுரப்பெயர் கிடையாது. உடுக்கையின் இடுப்புக் கயிற்றைக் கையால் அழுத்தி அழுத்தி ஒலியை ஏற்றி இறக்குகிறார்கள். நிலையான சுருதியில் நிற்காமல் இருப்பதற்காகவே அமைந்த கருவி அது. அம்மன் கோயிலில் அதைக் கேட்டு அருள் வந்து ஆடுபவரிடம் போய் "சுருதி சேரவில்லை" என்று சொல்வது, மழையிடம் போய் தாளம் தப்புகிறது என்பதைப் போன்றது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், இராசராசன் நியமித்த வாத்தியக்காரர் பட்டியலில், பண் இசைக்கும் வங்கியமும் இருக்கிறது, ஒற்றை ஒலி எழுப்பும் முத்திரைச் சங்கும் இருக்கிறது. இருவருக்கும் பங்கு உண்டு. அவன் மகன் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பியபோதும் அந்த மரபைத்தான் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தான். பண்ணுக்கு ஒரு இடம், முழக்கத்துக்கு ஒரு இடம் என்பது ஆயிரம் ஆண்டாக நாம் தெரிந்தே வைத்திருக்கும் ஏற்பாடு.

வெயிலும் வெறுப்பும்

இந்த நான்குக்கும் வெளியே ஐந்தாவதாக ஒன்று உண்டு. கேட்கும்போது வலிப்பது அதுதான்.

ஒரு கல்யாண வீட்டில், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓர் ஊரில், நாதசுரத்தோடு கீபோர்டும் சேர்ந்த ஒரு குழு வாசித்தது. கீபோர்டு ஒரு சுருதி. நாதசுரம் அதற்கு அரைக்கால் குறைவு. பாட்டுக்குப் பாட்டு அந்தப் பிளவு அப்படியே தொடர்ந்தது. சீவாளியை மாற்றிப் பார்க்கவில்லை. கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதியை இறக்கலாம், அதையும் செய்யவில்லை. இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன். குழுவை நடத்தியவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்த ஊர்ல இதெல்லாம் யாருங்க கேக்கப்போறா? சத்தம் இருந்தாப் போதும்."

இதுவும் தெரிந்தே சுருதி விலகுவதுதான். பிசகு இருப்பது அவருக்குத் தெரியும், திருத்தும் வழியும் தெரியும், திருத்தவில்லை. ஆனால் நையாண்டி வித்துவான் கேட்பவரின் காதை நம்பி விலகினார்; இவர் கேட்பவருக்குக் காதே இல்லை என்று முடிவுகட்டி விலகுகிறார். முன்னதில் மரியாதை இருக்கிறது, பின்னதில் இகழ்ச்சி. கனம் கிருஷ்ணையரின் மாணவரை உட்காரவைத்து, பாடச் சொல்லி, நெல் அளந்து கொடுத்த ஊர்கள் இவை. அந்த ஊர்களைப் பார்த்து "யார் கேட்கப்போகிறார்கள்" என்பதற்கு எவருக்கும் உரிமை கிடையாது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் வாசிப்பவரின் எல்லாப் பிசகும் அலட்சியத்தால் வருவதில்லை. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருவிழாபோன்ற தேர்பவனிகளில் பேண்டு வாத்தியக்காரர்கள் கிளாரினெட்டையும் ட்ரம்பெட்டையும் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். காற்று சூடேறினால் ஊதுகருவியின் சுருதி ஏறும். நிழலில் சேர்த்த சுருதி வெயிலில் நிற்காது. வெயிலில் சேர்த்தது இரவில் இறங்கிவிடும். பறையோ ஈரக்காற்றில் தொய்யும்; அதை வைக்கோல் தீயில் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, போதும் என்ற இடத்தில் சட்டென்று எடுக்கும் கலைஞரின் காது எந்த வீணைக்காரரின் காதுக்கும் குறைந்ததில்லை. இவர்களை ஒட்டுமொத்தமாகச் "சுருதியில்லாத கொட்டு" என்று பேசிய பேச்சுக்குப் பின்னால் சாதியின் இகழ்ச்சிதான் இருந்தது, இசையறிவு இருந்ததில்லை. அந்த இகழ்ச்சிக்கு எதிர்வினையாக "சுருதியே தேவையில்லை, அதுதான் எங்கள் அழகு" என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். அன்பால் எழுதுகிறார்கள் என்று தெரிகிறது. ஆனாலும் தீயருகே குனிந்து பறையின் ஒலியைத் தேடும் அந்தக் காதை அவர்களும் பார்க்கத் தவறுகிறார்கள்.

தெரிந்தே விலகுவதை ஆதரிப்பவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு குழு இங்கிலாந்தில் இருந்தது. 1970-இல் கேவின் பிரையர்ஸ் தொடங்கிய போர்ட்ஸ்மத் சின்ஃபோனியா. வாத்தியம் வாசிக்கத் தெரியாதவர்களையும், பழக்கமில்லாத வாத்தியத்தை எடுத்த இசைக்கலைஞர்களையும் சேர்த்து, பெரும் இசைமேதைகளின் படைப்புகளை வாசிக்கவைத்தார்கள். 1974-இல் இலண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கம்வரை போனார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள், நெகிழ்ந்தார்கள். பலரும் கவனிக்காத செய்தி, அந்தக் குழுவின் விதி: வேண்டுமென்றே தப்பாக வாசிக்கக் கூடாது. ஒவ்வொருவரும் ஒத்திகைக்கு வந்து, தன்னால் முடிந்த அளவு சரியாக வாசிக்க முயல வேண்டும். முயற்சி இருந்ததால் அந்தப் பிசகு மனிதத் தன்மையோடு ஒலித்தது. நடித்திருந்தால் அரைமணி நேரம்கூடத் தாங்கியிருக்காது. ஆக, சுருதி விலகலின் உலகப் புகழ்பெற்ற சாட்சி உண்மையில் மறுபக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது.

மூன்று கேள்விகள்

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்தபின் என் முடிவு இது: விலகலாம். ஆனால் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும்.

ஒன்று, திரும்பி வர இடம் இருக்கிறதா? குடிகாரன் பாட்டை வாசித்தவர் திரும்பி வந்தார். திரும்பத் தெரியாதவர் போவது பயணம் ஆகாது, தொலைந்துபோவதுதான். ஆகவே மாணவருக்கு இந்தச் சுதந்திரத்தை முதலிலேயே கொடுப்பது தீங்கு. காது பழுக்காத வயதில் பிசகைப் பாணி என்று பழகிவிட்டால், பிறகு பிசகும் பாணியும் பிரித்தறிய முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். இந்தப் பழக்கத்தின் மிகப் பெரிய ஆபத்து இதுதான். ஒரு குழு ஒரு மாலையில் செய்த விளையாட்டு, அடுத்த தலைமுறைக்கு அடிப்படைப் பாடமாகிவிடக் கூடாது.

இரண்டு, எல்லாரும் சேர்ந்து விலகுகிறார்களா? கெட்டிமேளத்தில் ஒருவர் கையைத் தூக்கினால் அத்தனை பேரும் ஒரே கணத்தில் பாய்கிறார்கள். முடிந்ததும் ஒரே கணத்தில் அடங்குகிறார்கள். ஒழுங்கைக் கைவிடுவதிலும் அப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது. கீபோர்டும் நாதசுரமும் பிரிந்து நின்ற மேடையில் அந்த உடன்பாடு இல்லை. இருவரும் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. குழு என்ற சொல்லுக்கே அங்கே பொருளில்லை.

மூன்று, கேட்பவரை மதித்துச் செய்கிறார்களா? இதை அளக்கக் கருவி கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் கூட்டத்தில் நிற்பவருக்கு இது உடனே தெரிந்துவிடும். நம்மைச் சிரிக்கவைக்க வழுக்கிய சுரமும், நமக்கு இது போதும் என்று வழுக்கவிட்ட சுரமும் ஒரே அளவு விலகியிருக்கலாம். காது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

அமெரிக்காவின் டேன்பரி என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஐவ்ஸ் என்ற பேண்டு மாஸ்டர், இரண்டு பேண்டுகளை வெவ்வேறு பாட்டு வாசித்துக்கொண்டு எதிரெதிரே நடக்கவைத்து, அவை மோதிக் கடக்கும் ஒலியைக் கேட்டு மகிழ்வாராம். அவருடைய மகன் சார்லஸ் ஐவ்ஸ் அந்த ஒலியைத் தன் இசைப்படைப்புகளில் எழுதிவைத்துப் புகழ்பெற்றார். நமக்கு இதற்காக எங்கும் போக வேண்டியதில்லை. சீர்வரிசை எடுத்துவரும் மேளமும் வரவேற்கும் மேளமும் ஒரே தெருவில் எதிர்ப்படும் எந்தத் திருவிழாவிலும் அது நடக்கிறது. ஆனால் ஐவ்ஸ் செய்ததை நாம் இன்னும் செய்யவில்லை. அந்த மோதலை உட்கார்ந்து கேட்டு, எழுதி, இது எப்போது அழகாகிறது எப்போது அழகு கெடுகிறது என்று பேசவில்லை. ராக ஆலாபனைக்குப் பக்கம் பக்கமாக விமரிசனம் எழுதும் நாம், கெட்டிமேளத்துக்கு ஒரு பத்தி எழுதியதில்லை. தெருவிசைக்குத் தேவைப்படுவது இரக்கமோ புகழ்ச்சியோ இல்லை, இந்தக் கவனம்தான்.

திருமழபாடியில் அன்று கூட்டம் கலைந்தபின் அந்த மேளத்தில் மூத்தவராக இருந்தவரின் அருகே போனேன். சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெட்டிமேளத்துல சுருதி பாப்பீங்களாங்கய்யா?"

"அங்க என்னத்தத் தம்பி பாக்குறது? அப்ப எங்களுக்கே ஒண்ணும் கேக்காது."

"அப்புறம் உடனே எப்படி அதே சுருதியில வந்து நிக்கிறீங்க?"

அவர் பின்னால் கையைக் காட்டினார். அங்கே பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஒத்துக்குழலைத் துணியுறைக்குள் செருகிக்கொண்டிருந்தான். கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

"அவன் நிறுத்தலயில்ல. நாங்க எவ்வளவு வேணாலும் கத்தலாம், குதிக்கலாம். அவன் மட்டும் நிறுத்தப்படாது. அந்தச் சத்தத்துல அவன யாருக்கும் கேக்காது. ஆனா நாங்க அடங்குனதும் மொதல்ல கேக்குறது அவனத்தான்."

அதன் பிறகு எந்தக் கல்யாணத்திலும் கெட்டிமேளம் முழங்கும்போது நான் தாலியைப் பார்ப்பதில்லை. அந்தப் பெரும் ஓசை வடிகிற கடைசி நொடிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். தவில் ஓய்ந்து, மணி ஓய்ந்து, அடியில் மெல்லிய ஒற்றைச் சுரம் தெளிந்து வந்தால், அந்த மேளம் விலகியது நியாயம் என்று எனக்கு நிம்மதியாகிறது.